மலாக்காவில் துவாய், டுமாயில் சப்பாத்து

மலேசியாவின் மலாக்காவில் துவாய், அதாவது துண்டு, வாங்கப் போன கடையில், விலை அட்டையில் 'துவாலா' என்று போட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக்காரிக்கு வேறென்ன வேண்டும்! இரண்டும் போர்த்துக்கேயர் வழி வந்த சொற்கள். 1511இல் மலாக்காவையும் 1619இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்தவர்கள் அவர்கள். பிறகு ஒல்லாந்தர் (டச்சுக்காரர்), பிறகு ஆங்கிலேயர் என்று வரிசைகூட இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அதே கடையில் சட்டை 'கெமேஜா'. அதன் மூலம் போர்த்துக்கேய 'கமிசா'. பாவாடை ஓரத்து ரேந்தை (லேஸ்) அங்கே 'ரெண்டா'.

மறுநாள் படகேறி நீரிணையைக் கடந்து இந்தோனேசியாவின் சுமாத்திராத் தீவிலுள்ள டுமாய்க்குப் போனேன். இறங்கியதும் குடிவரவு அலுவலகப் பலகையில் 'கந்தோர்' என்று இருந்தது. யாழ்ப்பாணத்திலும் அலுவலகத்துக்கு அதே ஒல்லாந்தச் சொல்தான். உடுப்போடு சம்பந்தமில்லைதான், ஆனாலும் அப்பப்பா (அப்பாவின் அப்பா) கந்தோருக்குப் போன கதைகளைக் கேட்டு வளர்ந்த எனக்கு அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை.

சந்தையில் கெமேஜா அப்படியே இருந்தது. துவாலாவைக் காணவில்லை, இங்கே அது 'ஹன்டுக்', ஒல்லாந்தச் சொல். மலேசியாவில் 'காசுட்' என்ற காலணி இங்கே 'செபாத்து', நம் சப்பாத்தேதான். 1824இல் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் லண்டனில் ஒப்பந்தம் போட்டு இக்கரை உனக்கு, அக்கரை எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அதன் பிறகு மலேசியாவில் ஆங்கிலக் 'கோட்' ஏறியது. இந்தோனேசியாவில் ஒல்லாந்த 'யாஸ்' நிலைத்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 'காவுஸ்'. ஒல்லாந்தத்தில் அது நீள் காலுறை. பின்னல் துணி என்பதாலோ என்னவோ, இந்தோனேசியர்கள் அதைத் தூக்கி டீ ஷர்ட்டுக்கு வைத்துவிட்டார்கள். அப்படியானால் காலுறைக்கு என்ன பெயர்? 'காவுஸ் காக்கி', அதாவது கால் காவுஸ்! காலில் கிடந்தது மார்புக்கு ஏறி, மறுபடி காலுக்கு இறங்கும்போது விலாசம் கேட்கிறது. பெட்ரோமாக்ஸ் விளக்கில் எரிந்து ஒளிரும் வலைப்பை, அந்த மென்டிலும் 'காவுஸ் லம்பு'தான்.

கழுத்துப்பட்டிக்கு இந்தோனேசியாவில் ஒல்லாந்த வழி வந்த 'டாசி'. மலேசியர்கள் கடன் வாங்காமல் 'தாலி லேஹேர்' என்கிறார்கள். தாலி என்றால் கயிறு, லேஹேர் கழுத்து. மலாக்கா வங்கியில் வரிசையாக அமர்ந்திருந்த ஆண்கள் எல்லோரும் தாலி கட்டியிருந்தார்கள்.