எலெக்ட்ரிக் காருக்கு டயரும் வீலும் மாற்றும்போது: அளவைப் பார்ப்பதற்கு முன் எடையைப் பாருங்கள்

காரோடு வந்த டயர் தேய்ந்துபோனால் பெரும்பாலானோர் சைட்வாலில், அதாவது டயரின் பக்கச் சுவரில், உள்ள அளவைப் படமெடுத்து, அதே அளவில் என்னென்ன கிடைக்கிறது என்று பார்க்கத் தொடங்குவார்கள். பெட்ரோல் காருக்கு அது ஓரளவு சரிவரும். எலெக்ட்ரிக் காரில் அந்த அளவு பாதிச் செய்திதான். 235/45 ஆர்18 என்ற ஒரே அளவில் 94 என்று எழுதிய டயரும் இருக்கும், 98 என்று எழுதிய டயரும் இருக்கும். இரண்டும் ஒரே ரிம்மில் உட்காரும், கண்ணுக்கும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் 94 என்றால் ஒரு டயர் 670 கிலோ தாங்கும், 98 என்றால் 750 கிலோ. தரைக்கடியில் பேட்டரியைச் சுமக்கும் வண்டிக்கு இந்த 80 கிலோ பெரிய விஷயம்.

ஆகவே முதல் வேலை ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படிப்பது. முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் அதிகபட்ச எடை அதில் இருக்கும். பின் அச்சுக்கு 1,300 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயருக்கு 650. "அப்படியானால் 670 தாங்கும் 94 போதுமே" என்று தோன்றும், கடையிலும் அப்படித்தான் சொல்வார்கள். போதாது. வளைவில் எடை ஒரு பக்கமாகச் சாயும், பள்ளத்தில் விழும்போது நொடிப்பொழுது பல மடங்காகும், வேகம் கூடினாலும் டயர் கூடுதலாகச் சிரமப்படும். இதையெல்லாம் கணக்கில் எடுத்துத்தான் தயாரிப்பாளர் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ போடலாம், குறைக்கக் கூடாது. எண்ணுக்குப் பக்கத்தில் நிற்கும் வேக எழுத்துக்கும் இதே விதி: எச் என்றால் மணிக்கு 210 கி.மீ., வி என்றால் 240, டபிள்யூ 270, ஒய் 300.

98 போன்ற டயர்களில் எக்ஸ்.எல். (எக்ஸ்ட்ரா லோட், கூடுதல் சுமை) என்ற குறியும் இருக்கும். எக்ஸ்.எல். போட்டுவிட்டோம், இனி காற்று கொஞ்சம் குறைந்தாலும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு தலைகீழ். சாதாரண டயர் தன் 670 கிலோவை 2.5 பார் அழுத்தத்தில், அதாவது 36 பி.எஸ்.ஐ.யில் தாங்குகிறது. எக்ஸ்.எல். தன் 750 கிலோவைத் தாங்க 2.9 பார் வேண்டும், அதாவது 42 பி.எஸ்.ஐ. அதே எக்ஸ்.எல். டயரில் 36 மட்டும் அடைத்தால் அதுவும் ஏறக்குறைய 670 கிலோ டயர்தான். எடையைச் சுமப்பது காற்று, எக்ஸ்.எல்.லின் கட்டமைப்பு அந்தக் கூடுதல் காற்றை அடக்கிக்கொள்கிறது, அவ்வளவே. இப்போது எச்.எல். (ஹை லோட், அதைவிட அதிகச் சுமை) என்று இன்னொரு வகையும் வந்திருக்கிறது. பெரிய, கனமான எலெக்ட்ரிக் கார்களில் பார்க்கலாம். 245/40 ஆர்19 அளவில் சாதாரணம் 94, எக்ஸ்.எல். 98, எச்.எல். 101, அதாவது 825 கிலோ. எச்.எல். குறி அளவுக்கு முன்னால் அச்சாகியிருக்கும். உங்கள் பழைய டயரில் அது இருந்தால் எக்ஸ்.எல்.லுக்கு இறங்காதீர்கள்.

வீலுக்கும் இதே கேள்விதான், ஆனால் அதை யாரும் கேட்பதில்லை. அலாய் வீலின் பின்பக்கத்தில், ஸ்போக்கின் முதுகிலோ நடுத்துளைக்கு அருகிலோ, அது தாங்கும் எடை அச்சாகியிருக்கும். சிறிய கார்களை நினைத்து வார்த்த வீல்கள் பல 600 கிலோவுக்கும் கீழே நின்றுவிடும். நட்டுத் துளை பொருந்தும், பார்க்க அழகாக இருக்கும், ஓட்டவும் முடியும். ஒரு நாள் பள்ளத்தில் இறங்கும்போது உள்விளிம்பில் மயிரிழை விரிசல் விடும். காற்று மெல்ல மெல்ல இறங்கும், பஞ்சர் கடைக்காரர் தண்ணீரில் முக்கித் தேடினாலும் டயரில் ஓட்டை இருக்காது. எடை அச்சாகாத வீலை வாங்கவே வேண்டாம். ஜே.டபிள்யூ.எல். என்ற குறி, ஜப்பானியத் தரத்துக்கு ஏற்பச் செய்தோம் என்று தயாரிப்பாளர் தாமே சொல்வது. கூடவே வி.ஐ.ஏ. இருந்தால் வெளி ஆய்வகத்தில் சோதித்துப் பதிவு செய்தது. எனக்கு இரண்டும் வேண்டும்.

இனி அங்குலம், அதாவது ஆர் எழுத்துக்குப் பின் வரும் வீல் விட்டம். டெஸ்லா மாடல் 3 காரின் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்வோம்: 235/45 ஆர்18, 235/40 ஆர்19, 235/35 ஆர்20. முழு விட்டம் முறையே 669, 671, 673 மி.மீ. நடைமுறையில் ஒன்றேதான், ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. மாறுவது ரப்பரின் உயரம்: 106, 94, 82 மி.மீ. 20 அங்குலத்துக்குப் போனால் பள்ளத்துக்கும் ரிம்முக்கும் நடுவே 24 மி.மீ. ரப்பர் குறைகிறது. வீலின் எடையும் வெளி ஓரத்துக்கு நகர்கிறது. ஸ்போக்குகளுக்கு நடுவே திறந்த இடம் கூடினால் காற்றுத் தடையும் கூடும். மூடிய முகம் கொண்ட வீலும் பிளாஸ்டிக் ஏரோ மூடியும் அழகில்லை என்று கழற்றி வைப்பவர்கள், நெடுஞ்சாலையில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதற்கான விலையைப் பேட்டரியிலிருந்து கொடுக்கிறார்கள். என் தேர்வு எப்போதும் அந்தக் காருக்கு அனுமதித்த மிகச் சிறிய அங்குலம். ஒரே தடை பிரேக். அதிவேக மாடல்களின் பெரிய கேலிப்பர் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் பாகம்) 18 அங்குல வீலுக்குள் அடங்காமல் போகலாம். ஒரு வீலை மட்டும் டயர் இல்லாமல் மாட்டி, கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மற்ற மூன்றின் பெட்டியையும் பிரியுங்கள்.

வீலில் பொருந்த வேண்டியவை நான்கு: நட்டுத் துளைகள் அமைந்த வட்டம், நடுத்துளை, ஆஃப்செட் (காரோடு பொருந்தும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது), நட்டு உட்காரும் இருக்கை. மாடல் 3க்கு 5 துளை, 114.3 மி.மீ. வட்டம், 64.1 நடுத்துளை. சந்தை வீல்களின் நடுத்துளை பெரிதாக இருக்கும். இடைவெளியை நிரப்ப வளையம் வேண்டும். வளையம் இல்லாமல் மாட்டினால் வீல் மையம் விலகி, 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும். எத்தனை முறை பேலன்சிங் செய்தாலும் போகாது, ஏனென்றால் பேலன்சிங் இயந்திரத்தில் வீல் சரியாகத்தான் இருக்கிறது.

ஆஃப்செட்டில் ஏமாறாமல் இருக்க ஒரு சிறு கணக்கு. பழையது 8.5 அங்குல அகலம், ஆஃப்செட் 40. புதியது 9.5 அங்குலம், ஆஃப்செட் 35. ஒரு அங்குலம் கூடியதால் இரு பக்கமும் 12.7 மி.மீ. வளர்கிறது. ஆஃப்செட் 5 குறைந்ததால் மொத்தமும் 5 மி.மீ. வெளியே நகர்கிறது. ஆக வெளிப்பக்கம் 17.7 மி.மீ. துருத்தும், உள்ளே 7.7 மி.மீ. சஸ்பென்ஷனை நெருங்கும். ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி, பின் இருக்கையில் மூன்று பேரை ஏற்றிப் பார்த்தால்தான் உரசுகிறதா என்று தெரியும். நட்டின் இருக்கையும் முக்கியம்: கூம்பு வடிவ நட்டை உருண்டை இருக்கையில் முறுக்கினால் மெல்லிய வட்டமாக மட்டுமே தொடும், ஓட ஓடத் தளரும். வீல் மாறினால் நட்டும் மாற வேண்டியிருக்கும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

டயர் எந்த வகை என்பதில்தான் பேரம் கடினம். உருளும்போது குறைவாக இழுக்க வேண்டும், மழையில் பிடிக்க வேண்டும், நீண்ட நாள் வர வேண்டும். மூன்றும் முழுதாக ஒரே டயரில் சேராது. உருளல் தடையை எண்ணாகவே பார்க்கலாம். ஐரோப்பிய லேபிளில் ஏ வகுப்பு ஒரு டன் எடைக்கு 6.5 கிலோ வரை இழுவை, சி வகுப்பு 9 கிலோ வரை. காரின் எடை 2,000 கிலோ என்றால் வித்தியாசம் 5 கிலோ இழுவை, 100 கி.மீ.க்குச் சுமார் 1.4 யூனிட் மின்சாரம். 100 கி.மீ.க்கு 16 யூனிட் எடுக்கும் காரில் இது எட்டு ஒன்பது சதவீதம். பெட்ரோல் காரில் டயர் மாற்றியதை மைலேஜ் காட்டிக்கொடுப்பது அரிது. இங்கே முதல் வாரமே தெரிந்துவிடும். இருந்தாலும் மழைப் பிடிப்பில் பி வகுப்புக்குக் கீழே இறங்கி ரேஞ்சைச் சேமிப்பது வேண்டாத சிக்கனம். கனமான வண்டி ஈரத்தில் நிற்க எடுக்கும் தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே பெயரில் இரண்டு டயர் வருவதையும் கவனியுங்கள். கார் நிறுவனத்துக்கென்று தனியாகச் செய்த டயரின் சைட்வாலில் சிறு குறி இருக்கும். டெஸ்லாவுக்கு டி0, டி1 போல. அதே பெயரில் குறியில்லாமல் விற்பது வேறு ரப்பர் கலவையாக, வேறு அடுக்கு அமைப்பாக இருக்கலாம். குறி கட்டாயமில்லை. ஆனால் குறியில்லாததைப் போட்டுவிட்டு ரேஞ்ச் குறைந்தது, சத்தம் கூடியது என்றால் காரணம் அங்கேதான். சத்தத்தில் இன்னொரு வித்தியாசம், சில டயர்களின் உள்ளே ஒட்டிய பாலியூரித்தேன் நுரை. டயருக்குள் அடைபட்ட காற்று 200 ஹெர்ட்ஸை ஒட்டி முழங்கும். எஞ்சின் சத்தம் இல்லாத காரில் அது தனியாகக் கேட்கும். நுரை அதை அடக்குகிறது. பதிலுக்கு ஒரு தொந்தரவு: பஞ்சரானால் உள்ளிருந்து ஒட்டுப்போட அந்த இடத்து நுரையை வெட்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். பல பஞ்சர் கடைகளில் இதைத் தொடவே தயங்குவார்கள். ஸ்டெப்னி இல்லாத கார்தான் பெரும்பாலும் என்பதால், நீங்கள் ஓடும் வழியில் இதைச் செய்யத் தெரிந்தவர் உண்டா என்று விசாரித்துவிட்டு நுரை டயர் வாங்குங்கள்.

நான்கையும் மாற்ற வேண்டுமா, இரண்டு போதுமா? முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார் உள்ள கார்களில் இரண்டு அச்சையும் இணைக்கும் தண்டு இல்லை. ஆகவே பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளைப் போல விட்டம் மாறினால் கியர் அரைபடும் என்ற பயம் இல்லை. ஆனாலும் ஒரே அச்சில் இரண்டும் ஒரே ரகம், ஒரே தேய்மானம் இருந்தாக வேண்டும். இரண்டு மட்டும் புதிதென்றால் அவை பின்னால். மழையில் பின்பக்கம் வழுக்குவதைத் திருத்துவது முன்பக்கத்தைவிடக் கடினம்.

மாட்டும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள். ஜாக்கி வைக்கும் இடம்தான் முதல் ஆபத்து. தரையின் நடுப்பகுதி முழுக்கப் பேட்டரிப் பெட்டி. ஜாக்கியை அதன் விளிம்பில் வைத்துத் தூக்கினால் நசுங்கும். காருக்கென்று உள்ள நான்கு புள்ளிகளில், தேவைப்பட்டால் ரப்பர் கட்டை வைத்து, தூக்கச் சொல்லுங்கள். ஏர் சஸ்பென்ஷன் என்றால் திரையில் ஜாக் மோடைப் போட்டுவிடுங்கள், இல்லையேல் தூக்கத் தூக்க வண்டி தன்னைச் சமன்செய்யப் பார்க்கும். டயர் ஏற்றும் முன் தயாரிப்பு வாரம் பாருங்கள்: கடைசி நான்கு இலக்கம் 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். வெளிப்பக்கம் என்ற குறி உண்மையிலேயே வெளியே வந்ததா, அம்பு இருந்தால் ஓடும் திசையைக் காட்டுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். புது வீலுக்குப் புதுக் காற்றழுத்த சென்சார் வாங்கினால் அலைவரிசை பொருந்த வேண்டும். 315, 433 மெகாஹெர்ட்ஸ் இரண்டும் உண்டு, சில புதிய கார்களில் புளூடூத். நட்டை ஏர் கன்னால் இறுக்கி அனுப்ப விடாதீர்கள். நட்சத்திர வரிசையில், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், கையேட்டில் உள்ள எண்ணுக்கு. மாடல் 3க்கு அது 175 நியூட்டன் மீட்டர், வேறு பல கார்களுக்கு 120, 140. சுமார் 80 கி.மீ. ஓடியபின் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். புது அலாய் வீலில் பெயின்ட் அழுந்தி நட்டு இளகும்.

பிறகு வரும் முதல் புகார், "ரேஞ்ச் போச்சு." கொஞ்சம் போகத்தான் செய்யும். புது டயரின் தடித்த பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் மேடு) அதிகம் நெளியும், நெளிவதற்கு மின்சாரம் செலவாகும். 8 மி.மீ. பட்டன் 2 மி.மீ. ஆகத் தேயும்போது விட்டம் 12 மி.மீ. குறைந்திருக்கும், 669இல் அது 1.8 சதவீதம். தேய்ந்த டயர் அதிகச் சுற்றுச் சுற்றி, போகாத தூரத்தையும் கணக்கில் சேர்த்துக் காட்டிக்கொண்டிருந்தது. எனவே ஒப்பீட்டை 1,000 கி.மீ. ஓட்டியபின் தொடங்குங்கள். வீல் அளவு மாறியிருந்தால், வசதியுள்ள கார்களில் திரையிலும் மாற்ற வேண்டும். ரேஞ்ச் கணிப்பு அதை வைத்துத்தான் நடக்கிறது. காற்றைக் காலையில் வண்டி எடுக்கும் முன் பாருங்கள்; 10 டிகிரி வெப்பம் இறங்கினால் சுமார் 2 பி.எஸ்.ஐ. இறங்கும்.

கடைசி வேலை அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வது; அதை டயர் மாற்றிய கையோடு செய்ய வேண்டும். எலெக்ட்ரிக் கார்களில் பின் டயரின் உள்விளிம்பு யாருக்கும் தெரியாமல் மொட்டையாகும். முடுக்குவதும் ரீஜென் பிரேக்கும் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திருப்பி எடுப்பது) அதே சக்கரங்கள் வழியே நடக்கின்றன, சக்கரம் சற்று உள்ளே சாய்ந்தும் நிற்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் பாதி பட்டன் பாக்கியிருக்கும், உள்ளே கம்பி தெரியும். அதனால் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை, அல்லது முன்பின் டயர்களின் பட்டன் ஆழ வித்தியாசம் 1.5 மி.மீ. எட்டியதும், முன்னும் பின்னும் ஒரே அளவு டயர் என்றால் இடம் மாற்றுங்கள். ஆழத்தை ஒவ்வொரு டயரிலும் உள்ளே, நடுவே, வெளியே என மூன்று இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். உள்பக்க எண் மட்டும் வேகமாகக் குறைந்தால் முதலில் டோ கோணத்தை, அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை, சரிசெய்யச் சொல்லுங்கள்.