பாமினியிலிருந்து பிரவுசருக்கு: எங்கள் ஹாட்வெயார் கணக்கு மாறிய விதம்

எங்கள் ஹாட்வெயாரின் தலைமைக் கடை கிளிநொச்சியில். மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் கிளைகள். பல வருடமாக எங்கள் பில்லும் இருப்பும் விஷுவல் பேசிக் 6 இல் எழுதிய ஒரு மென்பொருளில் ஓடின. கடைக்கு ஒரு அக்சஸ் தரவுக் கோப்பு. பின்னேரம் கிளைகளில் இருந்து பென் டிரைவ் பஸ்ஸில் வரும், நான் சேர்ப்பேன். காலபோக விதைப்பு நேரத்தில் மல்லாவியில் தீர்ந்துபோன மண்வெட்டி புதுக்குடியிருப்பில் கிடந்தது மறுநாள்தான் தெரியவரும்.

மாறியே ஆகவேண்டும் என்று நினைக்க வைத்தது 2022 மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. பதியும் நேரத்தில் கணினி அணைந்தால் அக்சஸ் கோப்பு பழுதாகலாம். திருத்தி எடுத்தாலும் கடைசிப் பதிவுகள் சில நேரம் வராது.

மூன்று கடையும் இணையத்தில் ஒரே கணக்கைப் பாவிக்க, பிரவுசரில் ஓடும் மென்பொருள் தேடுவது பெரிய வேலையாக இருக்கவில்லை. கஷ்டம் தரவில்தான் இருந்தது. எங்கள் பதிவில் உள்ள பெயர்கள் எல்லாம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில். அதில் கோப்புக்குள் கிடப்பது ஆங்கில எழுத்துகளின் குறியீடுதான், எழுத்துரு அதைத் தமிழாகக் காட்டுகிறது. பிரவுசரில் திறந்தால் பொருள் பெயர், கடன்காரர் பெயர் எல்லாம் புரியாத ஆங்கில எழுத்தாக நின்றன. தமிழ் எழுத்துக்கென்றே தனிக் குறியீடு உள்ள யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அப்படியே போட்டு எடுக்காதீர்கள். பீவீசி குழாய் போல ஆங்கிலத்தில் பதிந்த பெயர்களையும் பாமினி என்று எடுத்து, அர்த்தமில்லாத தமிழாக்கிவிடும். அவற்றை முதலில் தனியாகப் பிரித்துவிட வேண்டும். பாமினியில் கொம்பு முன்னால், எழுத்து பின்னால். யூனிகோடில் சேமிப்பது மறுவளம். அதனால் தட்டச்சில் கொம்பு தவறிய இடமெல்லாம் பெயர் உடைந்து வரும்.

இதில் நான் மிகவும் பயந்தது கடன் பட்டியலுக்கு. அறுவடை முடிந்து தருகிறேன் என்று வாங்கிப்போன கமக்காரரின் கணக்கு, அதே பெயருள்ள இன்னொருவர் தலையில் விழக்கூடாது. பட்டியலை அச்செடுத்து, கவுண்டரில் நீண்டகாலம் நிற்கிற அண்ணையோடு இருந்து ஊரையும் தகப்பன் பெயரையும் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். அந்த வேலையை எந்தக் கருவியிடமும் விட்டிருக்க மாட்டேன்.

அந்த அண்ணைதான் கேட்டார்: "தம்பி, லைன் போனா கடையைப் பூட்டுறதோ?"

இணைய லைனைத்தான் சொன்னார். சரியான கேள்வி. முந்திய இணையப் பக்கங்களில் ஒரு பொத்தானை அழுத்தினாலும் முழுப் பக்கமும் திரும்ப இறங்கும். 2005 இல் அமெரிக்க இணைய வடிவமைப்பாளர் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் அஜாக்ஸ் என்று பெயர் வைத்த முறை பரவிய பிறகுதான் தேவையான துண்டு மட்டும் வந்துபோகும் வழக்கம் வந்தது. சிக்னல் மெலிந்த இடத்தில் இது பெரிய உதவி. ஆனால் லைன் அடியோடு போனால் அது போதாது. பிரவுசருக்குள்ளேயே பில்லைச் சேமித்து, லைன் வந்ததும் அனுப்புகிற வசதி இருக்கவேண்டும். வாங்குவதற்கு முன் ரவுட்டரை அணைத்துவிட்டு பில் போட்டுக் காட்டச் சொன்னேன். முதலில் வந்தவர்களின் மென்பொருள் வெள்ளைத் திரையோடு நின்றது. அவர்களை அத்தோடு அனுப்பிவிட்டோம்.

அப்புறம் பில் இலக்கம். லைன் இல்லாத நேரம் இரண்டு கடையும் ஒரே இலக்கத்தைக் கொடுத்துவிடக்கூடாது என்பதால் ஒவ்வொரு கிளைக்கும் தனி முன்னெழுத்து வைத்தோம். கடைசியாக மிஞ்சிய ஒரு பொருளை இரண்டு கிளையும் விற்றால் இருப்பு கழித்தலில் போகும். அதைத் தடுக்காமல் சிவப்பில் காட்டும்படி கேட்டு வாங்கினோம்.

2024 ஜனவரி 1 இல் வற் வரி 15 இலிருந்து 18 வீதமானபோது கிளிநொச்சியில் ஒரு இடத்தில் மாற்றினேன், மூன்று கடையிலும் மாறிவிட்டது. முந்தி என்றால் கடை கடையாகப் போயிருப்பேன்.

அச்சு மட்டும் இன்னும் இழுபறி. பழைய மென்பொருள் டொட் மெற்றிக்ஸ் பிரிண்டருக்கு நேரே அனுப்பும். பிரவுசர் ஒவ்வொரு பில்லுக்கும் அச்சுப் பெட்டியைத் திறந்து கேட்கிறது. கூட்டமான நேரத்தில் கவுண்டரில் நிற்பவருக்கு அது பெரிய கரைச்சல். அதற்கென்று கணினியில் தனியாக நிறுவும் ஒரு சின்னச் செயலியை இப்போது புதுக்குடியிருப்பில் மட்டும் போட்டுப் பார்க்கிறோம்.