கேஸா பேட்டரியா? வேலியோரப் புல்லோட என் ரெண்டு சம்மர்

அமெரிக்கா வந்து ஆறு வருஷம் அபார்ட்மென்ட்லயே ஓடிடுச்சு, அதனால புல்லுங்கிறது யாரோ வந்து வெட்டிட்டு போற விஷயம்னு மட்டும்தான் எனக்கு தெரியும். வாரத்துல ஒரு நாள் காலைல சத்தம் கேக்கும், ஜன்னலை சாத்துவேன், அவ்வளவுதான். வீடு வாங்கறப்ப கூரை எத்தனை வருஷம் பழசு, பேஸ்மென்ட்ல தண்ணி வருமா, ஸ்கூல் எவ்வளவு தூரம்னு எல்லாம் கேட்டோம், வேலி எத்தனை அடி நீளம்னு மட்டும் கேக்கவே இல்ல. அரை ஏக்கர் மனை, மூணு பக்கம் வேலி, முன்னாடி ரோட்டோரமா மழைத்தண்ணி போற பள்ளம், நடுவுல ஏழு மரம். லான் மோவர் வாங்கி ஓட்டியாச்சு, நடுவுல எல்லாம் அழகா இருக்கு, ஆனா வேலிக்கடியில, மரத்தைச் சுத்தி, பள்ளத்துச் சரிவுல மோவர் போகாது. அங்க மட்டும் புல் முழங்கால் வரைக்கும் நிக்குது. அதை வெட்ட கையில பிடிச்சு ஓட்டற ட்ரிம்மர்னு தனி மெஷின் வேணும், அது பெட்ரோல்ல ஓடறதா பேட்டரில ஓடறதாங்கறதுதான் இந்தக் கதை.

ஜூன் கடைசில நகராட்சியிலிருந்து லெட்டர் வந்துச்சு. ஊருக்கு ஊர் ஒரு கணக்கு வெச்சிருக்காங்க, 8 இஞ்ச், 10 இஞ்ச், 12 இஞ்ச்னு, அதுக்கு மேல புல் வளர்ந்தா இத்தனை நாளைக்குள்ள வெட்டுங்க, இல்லன்னா நாங்களே ஆள் வெச்சு வெட்டிட்டு உங்க கணக்குல எழுதிடுவோம்னு. வந்த புதுசுல இந்த மாதிரி லெட்டர் கைக்கு வந்தா வயித்தை கலக்கும், பேப்பர்ல சீல் இருந்தாலே ஏதோ பெரிய தப்பு பண்ணிட்டோம்னு தோணும். அது அப்படி இல்ல, சாதாரண நினைவூட்டல்தான், வெட்டிட்டா முடிஞ்சது. இதை இங்க எழுதறதுக்கு காரணமே புதுசா வீடு வாங்கற நம்மாளுங்க அந்த லெட்டரை பார்த்து பயந்துட்டு அவசரத்துல கிடைச்ச மெஷினை வாங்கிடக்கூடாதுன்னுதான்.

முதல்ல பேரு குழப்பம். இந்த மெஷினுக்கு ஸ்ட்ரிங் ட்ரிம்மர்னு பேரு, வீட் ஈட்டர், வீட் வேக்கர்னும் சொல்றாங்க, எல்லாம் ஒண்ணுதான். நீளமான கம்பி, அடியில வட்டமா ஒரு தலை, அதுல நைலான் கயிறு வேகமா சுத்தி புல்லை அறுக்கும், பிளேடு கிடையாது. 1971ல ஹூஸ்டன்ல ஜார்ஜ் பாலஸ்ங்கிறவர் கண்டுபிடிச்சது, கார் வாஷ்ல சுத்துற பிரஷ்ஷை பார்த்துட்டு ஒரு பழைய பாப்கார்ன் டின்ல ஓட்டை போட்டு மீன்பிடி நரம்பை கட்டி சுத்த விட்டிருக்கார், மரத்தோட பட்டையில அடிபடாம சுத்தியிருக்கிற புல்லை வெட்டணும்ங்கிறதுதான் அவரோட கவலையா இருந்திருக்கு. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, மரத்தைப் பத்தி அப்புறம் வரேன்.

அடுத்தது இந்த 'கேஸ்'. நமக்கு கேஸ்னா அடுப்புக்கு வர்ற சிலிண்டர். இங்க பெட்ரோலைத்தான் கேஸ்னு சொல்றாங்க. கேஸ் ட்ரிம்மர்னா பெட்ரோல்ல ஓடுறது, பெரும்பாலும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். நம்ம பழைய ஸ்கூட்டர் மாதிரியேதான், பங்க்ல பெட்ரோலோட ஆயிலை கலந்து ஊத்துவாங்களே, அதே கதை. அந்த நீலப் புகை, அந்த வாசனை எல்லாம் அப்படியே.

லெட்டர் வந்த வாரம் பக்கத்து வீட்டு பெரியவர் அவரோட கேஸ் ட்ரிம்மரை கொண்டுவந்து கொடுத்தார். தோள்ல ஆபரேஷன் ஆனதால அவரால கயிறை இழுத்து ஸ்டார்ட் பண்ண முடியலையாம், சும்மாதான் கிடக்குது, வெச்சுக்கோன்னார். பொறுமையா நின்னு சொல்லிக் கொடுத்தார். அடியில ஒரு ரப்பர் குமிழ் இருக்கும், அதை ஆறேழு தடவை அமுக்கணும், உள்ள பெட்ரோல் ஏறி வர்றது கண்ணாடி மாதிரி குழாய்ல தெரியும். அப்புறம் சோக் போட்டு கயிறை இழுக்கணும், ஒரு தடவை 'புட்'னு ஒரு சின்ன சத்தம் வரும், அப்பவே சோக்கை பாதிக்கு தள்ளிடணும், திரும்ப இழுத்தா ஓடும். அந்த 'புட்' சத்தத்தை கவனிக்காம சோக்லயே இழுத்துட்டே இருந்தா எஞ்சின்ல பெட்ரோல் ரொம்பி நனைஞ்சு போயிடும், அப்புறம் எத்தனை தடவை இழுத்தாலும் வராது, ஸ்பார்க் பிளக்கை கழட்டி துடைச்சு கொஞ்ச நேரம் காய விடணும். ரெண்டு சனிக்கிழமை எனக்கு இப்படியே போச்சு, கை விரல் எல்லாம் சிவந்து.

ஆனா ஓட ஆரம்பிச்சா அதோட பலம் வேற. முழங்கால் உயரப் புல்லு, அடியில தண்டு தடிச்சு போனது, முள்ளுச்செடி எல்லாத்தையும் அப்படியே சாய்ச்சுட்டு போச்சு. டேங்க் தீர்ந்தா ஊத்திட்டு திரும்ப ஓட்டலாம், சாயங்காலம் வரைக்கும்கூட. பள்ளம் முழுக்க ஒரே நாள்ல முடிஞ்சுது. அன்னிக்கு எனக்கு வேற எதுவுமே தேவையில்லன்னு தோணுச்சு.

கஷ்டம் ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது. மூணு வாரம் வெளியூர் போயிட்டு வந்து இழுக்கறேன், வரவே இல்ல. இங்க பங்க்ல கிடைக்கற பெட்ரோல் பெரும்பாலும் 10 சதவீதம் வரைக்கும் எத்தனால் கலந்தது. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், நாளானா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து அடியில தனியா இறங்கிடும், மிச்சம் இருக்கற பெட்ரோலும் பழசாகி பிசின் மாதிரி ஆகி கார்புரேட்டரோட சின்னச் சின்ன ஓட்டையை அடைச்சிடும். கலந்து வெச்ச பெட்ரோலை ஒரு மாசத்துக்குள்ள தீர்த்துடணும், இல்ல கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்தி வைக்கணும்னு பெரியவர் அப்புறம் சொன்னார். கலக்கற அளவும் முக்கியம், அந்த மெஷினுக்கு 50க்கு 1, அதாவது ஒரு கேலனுக்கு 2.6 அவுன்ஸ் ஆயில். சில பழைய மெஷினுக்கு 40க்கு 1. ஆயில் கம்மியானா எஞ்சின் உள்ளுக்குள்ள தேய்ஞ்சு சிக்கிக்கும், அதுக்கப்புறம் அது இரும்புக் கடைக்குத்தான். அதே மாதிரி பங்க்ல 15 சதவீதம் எத்தனால் உள்ள பெட்ரோல்னு ஒண்ணு தனியா வெச்சிருப்பாங்க, பெரும்பாலான காருக்கு ஓகே, இந்த சின்ன எஞ்சினுக்கு அதை ஊத்தவே கூடாது.

எனக்கு இதைவிட பெரிய பிரச்சனை சத்தம். என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட், பகல்ல தூங்கணும். வேலை நாள்ல எனக்கு கிடைக்கற நேரம் மத்தியானம் இருபது இருபத்தஞ்சு நிமிஷம். அந்த நேரத்துல எஞ்சினை இழுத்தா அவர் எழுந்து உக்காந்துடுவார், பாவம். அவர் வாய் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டார், 'பரவால்லம்மா, நீ முடிச்சுடு'ம்பார், ஆனா கண்ணைப் பார்த்தா எனக்கு மனசு கேக்காது. காதுக்கும் நல்லதில்ல அது. வேலை செய்யற இடத்துல 85 டெசிபல்னா 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகணும்னு இங்க நியோஷ்ங்கிற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் கணக்கு வெச்சிருக்கு, அப்படி பார்த்தா 94 டெசிபல்ல ஒரு மணி நேரம்தான். கேஸ் ட்ரிம்மர் சுலபமா அந்த அளவைத் தொட்டுடும், காது மூடி இல்லாம தொடவே தொடாதீங்க.

அடுத்த வருஷம் ஏப்ரல்ல பேட்டரி ட்ரிம்மர் வாங்கறதுன்னு முடிவு பண்ணோம். வாங்கறதுக்கு முன்னாடி நம்ம தமிழ் அண்ணா ஒருத்தரை கேட்டேன், நகரத்தை விட்டு வெளிய நாலு ஏக்கர்ல இருக்கார். அவர் 'தங்கச்சி, என் இடத்துக்கு பேட்டரி எல்லாம் சரிப்படாது, நான் கேஸ்தான், ஆனா உனக்கு வேலி எவ்வளவு தூரம்னு முதல்ல நடந்து பாரு'ன்னார். இந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். நடந்து பார்த்தேன், வேலி, மரம், நடைபாதை ஓரம், பள்ளம் எல்லாம் சேர்த்து. பெரியவரோட மெஷின்ல இதுக்கு எனக்கு ஆனது ஒழுங்கா வெட்டிட்டு வர்ற வாரத்துல நாற்பது நிமிஷம். அந்த நாற்பதுதான் கணக்கு.

கடையில பெட்டி மேல வோல்ட் பெருசா போட்டிருப்பாங்க, 20, 40, 56, 80ன்னு. வோல்ட்டை மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. '20 வோல்ட் மேக்ஸ்'ங்கறது உள்ள அஞ்சு செல், முழுசா சார்ஜ் ஆனப்ப ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 4 வோல்ட், அதனால 20. ஓடறப்ப சராசரியா 3.6தான், ஆக அது 18 வோல்ட். அதே மாதிரி '40 மேக்ஸ்'னா 36. எவ்வளவு நேரம் ஓடும்னு தெரியணும்னா வோல்ட்டை பேட்டரி மேல Ahனு போட்டிருக்கற ஆம்பியர்-அவரால பெருக்குங்க, வாட்-அவர் வரும். 18 வோல்ட் 4 ஆம்பியர்-அவர்னா 72, 36 வோல்ட் 4 ஆம்பியர்-அவர்னா 144, ரெண்டு மடங்கு. வண்டியோட பெட்ரோல் டேங்க் அளவு மாதிரி இதை பாருங்க. நான் 144 வாட்-அவர் பேட்டரி ஒண்ணு வர்ற மாதிரி எடுத்தேன்.

முதல் நாள் பட்டனை அமுக்கினதும் ஓடுச்சு, விட்டதும் நின்னுச்சு. நிக்கறதுங்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அப்பதான் புரிஞ்சுது. மரத்துக்கு மரம் நடக்கறப்ப சத்தமே இல்ல, பறவை சத்தம் கேக்குது. வீட்டுக்காரர் தூங்கிட்டே இருந்தார். ஆனா பள்ளத்துக்கு வந்தேன் பாருங்க, மழை பெஞ்சு பத்து நாள் விட்டிருந்தேன், புல் ஈரமா அடர்த்தியா நின்னுச்சு, இருபது நிமிஷத்துல பேட்டரில கடைசி விளக்கு மினுக்க ஆரம்பிச்சு பாதிச் சரிவுல அப்படியே நின்னுடுச்சு. சூடா இருக்கற பேட்டரியை சார்ஜர்ல போட்டா அது ஆறுற வரைக்கும் சார்ஜே ஏறாது, சேர்த்து ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அன்னிக்கு சாயங்காலம் 'தப்பான முடிவு எடுத்துட்டோமாங்க'ன்னு அவர்கிட்ட கேட்டேன்.

தப்பு மெஷின்ல இல்ல, நான் விட்ட பத்து நாள்ல. உயரமா வளர்ந்த புல்லை சாய்க்கத்தான் பலம் வேணும், வாரத்துக்கு ஒரு தடவை நுனியை மட்டும் எடுத்தா சின்ன மோட்டாரே போதும். அதுக்கப்புறம் நான் ஒரே மூச்சுல நாற்பது நிமிஷம் பண்றதை விட்டுட்டேன், செவ்வாய்க்கிழமை பள்ளம், வியாழக்கிழமை வேலியும் மரமும்னு பிரிச்சுக்கிட்டேன். இருபது இருபது நிமிஷம். கேஸ் மெஷின்ல இது நடக்காது, கலக்கி ஊத்தி குமிழ் அமுக்கி இழுத்து ஸ்டார்ட் பண்றதுக்குள்ளயே மனசு 'சனிக்கிழமை பார்த்துக்கலாம்'னு சொல்லிடும். ரெண்டாவது பேட்டரி ஒண்ணு மட்டும் வாங்கிட்டேன். வாங்கறவங்க மொதல்லயே ரெண்டு பேட்டரியா கணக்கு போடுங்க, அதே பேட்டரில ஓடற லீஃப் ப்ளோயர் (இலையை ஊதித் தள்ளற மெஷின்) மாதிரி வேற எதெல்லாம் கிடைக்குதுன்னும் பாருங்க, ஏன்னா ஒரு கம்பெனி பேட்டரி இன்னொண்ணுல பெரும்பாலும் மாட்டாது.

கயிறைப் பத்தி ஒண்ணு சொல்லணும். தடி கயிறு போட்டா நல்லா வெட்டும்னு நெனச்சு 0.095 இஞ்ச் போட்டேன், என் மெஷினுக்கு சொல்லியிருந்தது 0.080. பேட்டரி சீக்கிரம் தீர்ந்துச்சு, மோட்டார் சூடாச்சு. புக்ல என்ன போட்டிருக்கோ அதையே போடுங்க. அதே மாதிரி ட்ரிம்மர் தலைக்கு மேல இருக்கற பிளாஸ்டிக் தடுப்பை கழட்டிடாதீங்க, கல்லு கண்ணுக்கு வராம தடுக்கறதும் அதுதான், கயிறு நீளமாச்சுன்னா நறுக்கி விடற சின்ன கத்தியும் அதுலதான் இருக்கு. கண்ணாடி, மூடின ஷூ, முழு பேன்ட். புள்ளைங்களை ஒரு அம்பது அடி தள்ளி நிறுத்துங்க. கயிறைத் தொடறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டிடுங்க, சத்தமில்லாத மெஷின்ல இது இன்னும் முக்கியம், ஏன்னா அது ஆன்ல இருக்கான்னு கேட்டு தெரிஞ்சுக்க முடியாது.

இப்ப மரம். முன் வாசல்ல சின்ன மேப்பிள் ஒண்ணு இருக்கு, மணிக்கட்டு தடிமன்தான். முதல் சம்மர்ல ஒவ்வொரு தடவையும் அதோட அடியை ஒட்டி சுத்தமா வெட்டியிருக்கேன், பார்க்க அழகா இருந்துச்சு. செப்டம்பர்ல அதுக்கு மட்டும் இலை சீக்கிரமே சிவந்துடுச்சு. குனிஞ்சு பார்த்தேன், அடியில பாதி சுத்துக்கு பட்டை பிஞ்சு, உள்ள வெள்ளையா கட்டை தெரியுது, ஒரு விரல் அகலத்துக்கு. பட்டைக்கு அடியிலதான் இலை தயாரிக்கற சாப்பாடு வேருக்கு இறங்கும், முழு சுத்துக்கு பிஞ்சிடுச்சுன்னா வேர் பட்டினி கிடந்து மரமே போயிடும். பாதி மிச்சம் இருந்ததால பொழைச்சுது. நைலான் கயிறுதானே என்ன பண்ணும்னு அசால்ட்டா இருந்துடக்கூடாது, கேஸானாலும் பேட்டரியானாலும் இது ஒண்ணுதான். இப்ப எல்லா மரத்தைச் சுத்தியும் ரெண்டடிக்கு புல்லை எடுத்துட்டு மரச்சில்லு பரப்பிட்டேன், பட்டையைத் தொடாம. மரத்துக்கிட்ட ட்ரிம்மரே போறதில்ல, வேலையும் குறைஞ்சுது.

குளிர்காலத்துக்கு பேட்டரியை கராஜ்ல விடாதீங்க, வீட்டுக்குள்ள வைங்க. பாதி சார்ஜ்ல வெச்சா போதும். உறையற குளிர்ல சார்ஜ் போட்டா உள்ள லித்தியம் படிஞ்சு செல் கெட்டுடும், அதனால வெளிய இருந்து எடுத்தா வீட்டு சூட்டுக்கு வந்தப்புறம்தான் சார்ஜர்ல போடணும். பழசானதை குப்பைத்தொட்டியில போடறது ஆபத்து, வண்டில நசுங்கி தீப்பிடிக்கும், பேட்டரி வாங்கிக்கற இடத்துல கொடுங்க.

கலிஃபோர்னியால இருக்கறவங்களுக்கு இந்த யோசனையே பெருசா இருக்காது, 2021ல ஏபி 1346னு ஒரு சட்டம் போட்டு, 2024 மாடல்லேர்ந்து புதுசா விக்கற இந்த மாதிரி சின்ன எஞ்சின் எல்லாம் புகையே விடக்கூடாதுன்னு கொண்டுவந்துட்டாங்க, பழசை வெச்சிருக்கறவங்க ஓட்டிக்கலாம். காரணம் இருக்கு, டூ-ஸ்ட்ரோக்ல உள்ள போற பெட்ரோல்ல கணிசமான பங்கு எரியாமலே வெளிய வந்துடும். மத்த மாநிலத்துல இன்னும் நம்ம கையிலதான் இருக்கு. நாலு ஏக்கர் அண்ணா மாதிரி மணிக்கணக்கா வெட்டணும், புதர் இருக்கு, பக்கத்துல பிளக் பாயின்ட் கிடையாதுன்னா கேஸ் வாங்குங்க, அதை மாசம் தவறாம ஓட்டுங்க. அரை ஏக்கருக்குள்ளன்னா நான் யோசிக்காம பேட்டரின்னுதான் சொல்வேன்.

போன அக்டோபர்ல பெரியவரோட மெஷினை திருப்பிக் கொடுத்தேன். டேங்க்கை காலி பண்ணி, மிச்சம் இருந்தது தீர்ந்து தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டு, துடைச்சு. அவர் அதை வாங்கி சுவத்துல மாட்டிட்டு, என் கையில இருந்த பேட்டரி மெஷினை கேட்டு வாங்கி அவரோட தபால் பெட்டியைச் சுத்தி ஒரு ரவுண்டு வெட்டிப் பார்த்தார். தோளை தூக்கவே தேவையில்லையேன்னு ரெண்டு தடவை சொன்னார். அந்த வாரத்துலேர்ந்து வியாழக்கிழமை எங்க வேலி முடிஞ்சதும் அவரோட வேலியையும் நானே பார்த்துடறேன், ரெண்டாவது பேட்டரி அதுக்கு சரியா இருக்கு.