சுவரில் ஓர் ஆணி

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கு நான் போனது டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டுக்காக. 1642இல் அவர் வரைந்த ‘இரவுக் காவல்’ ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்து முடித்துக் கூட்டத்திலிருந்து விலகி வந்தபோதுதான், அரை மீட்டர் உயரம்கூட இல்லாத ஒரு படத்தின் முன் நின்றேன். யொகான்னஸ் வெர்மீரின் ‘பால் ஊற்றும் பெண்’.

பணிப்பெண் ஒருத்தி சட்டியில் பால் ஊற்றுகிறாள், நடப்பது அவ்வளவுதான். அச்சில் எத்தனையோ முறை பார்த்த படம். அப்போதெல்லாம் அவளுடைய மஞ்சள் மேலாடையும் இடுப்பில் கட்டிய நீலத் துணியும் மட்டுமே கண்ணில் பட்டன. நேரில் என்னைப் பிடித்து நிறுத்தியது அவளுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவர். சன்னலை ஒட்டி மங்கிக் கிடக்கும் அது, வலப்பக்கம் போகப்போக வெளிச்சம் ஏறுகிறது. மேலே ஓர் ஆணி. அந்த ஆணிக்கும் ஒரு நிழல்! பிடுங்கிய ஆணிகள் விட்டுப்போன துளைகளையும் வரைந்திருக்கிறார். யாரும் கவனிக்காத சுவருக்கு இத்தனை மரியாதையா என்று நெஞ்சு நெகிழ்ந்தது. அன்று மற்ற அறைகளுக்கு நான் போகவேயில்லை.

அந்தச் சுவர் முதலிலிருந்தே வெறுமையாக இருந்ததில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அவளுடைய தலைக்குப் பின்னால் சாடிகள் தொங்கும் சட்டம் ஒன்றை வெர்மீர் வரையத் தொடங்கி, பிறகு தாமே மூடிவிட்டார் என்பதை ஆய்வாளர்கள் அகச்சிவப்புக் கதிர்களின் உதவியால் கண்டறிந்து 2022இல் அறிவித்தார்கள். சாடிகள் போயின, ஆணி நின்றது. எதை விட்டுவிட வேண்டும் என்று அறிந்த கை அது. 43 வயதில் இறந்துபோன அவருடைய படங்களாக இன்று ஏற்கப்படுபவை ஏறத்தாழ 37தான். ஒவ்வொன்றையும் நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை அன்று பிறந்தது.

அடுத்துப் போக நினைப்பது ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரம். அங்கே உள்ள வெர்மீர் படத்தில், கடிதம் வாசிக்கும் பெண்ணுக்குப் பின்னாலும் வெறும் சுவர்தான் இருந்தது. ஆனால் அதை வெறுமையாக்கியது வெர்மீரின் கை அல்ல, அவர் இறந்து பல ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் பூசிய பூச்சு. அதை நீக்கியதும் சுவரில் பெரிய மன்மதன் படம் ஒன்று வெளிப்பட்டது. 2021 முதல் அப்படித்தான் காட்சியில் இருக்கிறது. அவர் வரைந்தது அதுதான் என்று எனக்குத் தெரியும். இருந்தும், புத்தகத்தில் நான் நேசித்த அந்த வெறும் சுவரை மனம் இன்னும் விட மறுக்கிறது.