அந்த மே மாசம் போர் வந்திருந்தா?

2002 மே 14. ஜம்மு பக்கத்துல காலுசக் ராணுவக் குடியிருப்புல தீவிரவாதிங்க சுட்டதுல ஜவான்களோட மனைவி, குழந்தைங்களும் செத்தாங்க. நாடாளுமன்றத் தாக்குதலுக்கு அப்புறம் எல்லையில ஏற்கெனவே லட்சக்கணக்குல படை. இந்தியா, பாகிஸ்தான் ரெண்டு நாட்டுக்கிட்டயும் அணுகுண்டு. அன்னைக்கு உத்தரவு போயிருந்தா?

எங்க வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளம்னு சொல்லுவாங்க. பச்சை டிரங்குப் பெட்டியோட காட்பாடியில ரயிலேறினவங்க எத்தனை பேர் திரும்பியிருப்பாங்க? கணியம்பாடி ரோட்டுல தேசியக்கொடி போர்த்தின பெட்டிங்க வரிசையா வந்திருக்கும். இன்னைக்கு ஏடிஎம் வாசல்ல செக்யூரிட்டியா உட்கார்ந்திருக்கிற அண்ணன் இருந்திருக்க மாட்டார். அதுக்கப்புறம் அவருக்குப் பொறந்து இப்போ காலேஜ் போற பொண்ணும்தான்.

போர் நடக்காமலேயே, கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் வெடிச்சு ஜவான்கள் செத்தாங்க. அவங்களை எந்த மேடையிலயும் யாரும் நினைக்கிறதில்லை. எனக்கு அது ஆறவே இல்லை.

அக்டோபர்ல படையைத் திருப்பினப்போ கோழைத்தனம்னு பேசினவங்க உண்டு. நான் அந்த முடிவைக் கையெடுத்துக் கும்பிடுறேன். அந்த வருஷம் ராஜஸ்தான் மணல்ல, காஷ்மீர் பனியில காத்துக்கிடந்த நம்ம ஊர் மாமாக்கள், சித்தப்பாக்கள் யாராவது இதைப் படிச்சா, அங்க நடந்ததை எழுதுங்க. பசங்க படிக்கணும்.