நசியம் செய்துகொண்ட நாட்கள்

மார்ச் 4, நாகர்கோவில்
வாயால் மூச்சுவிட்டபடி உறங்குவது எனக்கு இரண்டு ஆண்டுப் பழக்கம். ஒவ்வாமை வீக்கத்தோடு மூக்கின் நடுத்தண்டும் இடப்புறம் வளைந்திருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்னிலும் இறுகும் என்று மருத்துவர் எச்சரித்தும், எட்டு மாதமாக அதை மூக்கில் ஊற்றிவந்தவன் நான். இன்று பார்த்த ஆயுர்வேத மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: "வளைஞ்ச தண்டை எண்ணெய் நிமிர்த்தாது சார். வீக்கத்துக்கு மட்டும் பார்ப்போம்." அந்த ஒரு சொல்லுக்காகவே, மூக்கில் மருந்தெண்ணெய் விடும் நசிய சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டேன்.

மார்ச் 6
முகம், நெற்றி, கழுத்து எல்லாம் எண்ணெய் தேய்த்து, நொச்சி இலை ஆவி பிடிக்கவைத்து, வியர்த்த பிறகே படுக்கச் சொன்னார்கள். தலையைச் சற்றுத் தாழ்த்தி, கண்களைத் துணியால் மூடி, ஒரு துளையை அடைத்து மறு துளையில் அணு தைலம் என்னும் மூலிகை எண்ணெயை இளஞ்சூடாக விட்டார் மருத்துவர். ஆள்காட்டி விரலின் இரண்டு கணு வரை எண்ணெயில் முக்கி எடுத்தால் சொட்டுவதே நூல்கள் சொல்லும் ஒரு துளி. கூடுதல் அளவில் விடும் மர்ச நசியத்துக்குப் பத்து, எட்டு, ஆறு துளி என மூன்று அளவுகள் உண்டு. எனக்கு ஆறு. மூக்கின் வேரில் மிளகாய் பட்டதுபோல் எரிந்து, கண்ணீர் வழிந்து, கசப்பு தொண்டைக்கு இறங்கியது. "விழுங்கிடாதீங்க, துப்புங்க" என்று உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார் உதவியாளர். இரு புறமும் மாறிமாறித் துப்பி, வெந்நீரில் வாய் கொப்பளித்தேன். துப்பிய சளியின் அளவைப் பார்த்து எனக்கே வெட்கமாயிருந்தது.

மார்ச் 8
வானம் மூடிக்கிடந்ததால் இன்று நசியம் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மேகமில்லாத நாளில்தான் அணு தைலம் என்பது பழைய ஆயுர்வேத ஆசிரியர் சரகர் வகுத்த விதியாம். பேருந்துக் கட்டணம் வீண் என்று முதலில் எரிச்சல்பட்டேன். ஈரக்காற்றில் என் மூக்கு படும் பாட்டை நினைத்தபின் அடங்கினேன்.

மார்ச் 10
அணு தைலத்தின் பக்குவத்தை இன்று கேட்டறிந்தேன். சந்தனம், தேவதாரு முதலியவற்றை மழைநீரில் காய்ச்சிக் குறுக்கிய கஷாயத்தைப் பத்துப் பங்காக்கி, நல்லெண்ணெயை ஒவ்வொரு பங்கோடும் ஒருமுறையாகப் பத்து முறை காய்ச்சுவார்களாம். பத்தாம் முறை ஆட்டுப்பாலும் சேரும். இவ்வளவு பாடுபட்டுச் செய்ததில் ஆறு துளி என்றால் சிக்கனமாகத்தான் இருக்கும். மைத்துனர் தொலைபேசியில், குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிப் பாருங்கள் என்றார். மூளையைத் தாக்கும் அமீபா மூக்கு வழியாகத்தான் ஏறும், கேரளத்துச் செய்திகளைப் படிப்பதில்லையா என்று கேட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீரைத் தவிர வேறெந்த நீரையும் மூக்கில் விடுவதில்லை என்றேன்.

மார்ச் 13
ஏழாம் முறையும் முடிந்தது. வலது துளை திறந்திருக்கிறது; காலையில் காப்பியின் மணம் அடுப்படியிலிருந்து என்னைத் தேடி வந்தது. இடது துளை பழையபடி சீழ்க்கையடிக்கிறது. இனி வீட்டில் நாளுக்கு இரண்டு துளி மட்டும் விடும் பிரதிமர்ச நசியமும், குளித்தபின் உச்சந்தலையில் சிட்டிகை ராஸ்னாதி சூரணம் என்னும் மூலிகைப் பொடியும் போதுமாம். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரக்கூடும் என்பதால் அளவைக் கூட்டக்கூடாது என்று இருமுறை சொன்னார். சைலோமெட்டாசோலின் குப்பியைத் தொட்டு ஐந்து நாளாகிறது. இடப்புறத்துக்காகக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் ஏப்ரலுக்கு நேரம் வாங்கியிருக்கிறேன்.