டர்பனில் மாண்டிசோரி பள்ளி தேடுகிறவர்களுக்கு

டிசம்பர் நெருங்கிவிட்டால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். ஜனவரியில் பள்ளி திறக்கப்போகிறது, மூன்று வயதுப் பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று கேட்பார்கள். சாட்ஸ்வொர்த்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பத்தாரும் கேட்பார்கள், சென்னையிலிருந்து வேலைக்கு வந்து உம்லாங்காவில் வீடு எடுத்திருப்பவர்களும் கேட்பார்கள். நான் இந்த ஊரில் மாண்டிசோரி வகுப்புகளில் உதவி ஆசிரியையாக இருந்தவள் என்பது வெளியே தெரிந்துபோனதால் வந்த வினை இது. அண்மையில் ஓர் இளம் தாய், "அக்கா, நீங்கள் ஒரு பள்ளியின் பெயரை மட்டும் சொல்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடுகிறோம்" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதாக இருந்தால் நான் எதற்கு என்று கேட்டுவிட்டு, அவளிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

மாண்டிசோரி என்பது பிள்ளை தானே வேலையைத் தேர்ந்தெடுத்துச் செய்து கற்கும் முறை. அந்தப் பெயருக்கு உரிமையாளர் யாரும் இல்லை. அமெரிக்காவில் 1967இலேயே, இது பொதுச்சொல், எந்த ஓர் அமைப்பும் தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது என்று முடிவாகிவிட்டது. தென்னாப்பிரிக்காவிலும் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கார் நிறுத்தும் கொட்டகைக்கு வெள்ளையடித்து வாசலில் பலகை மாட்டினாலும் அது மாண்டிசோரிதான். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தன் முதல் வகுப்பைத் தொடங்கியது, வேலைக்குப் போகும் ஏழைப் பெற்றோரின் பிள்ளைகளுக்காக. இன்று அந்தப் பெயரைச் சேர்த்த உடனே கட்டணம் ஏறிவிடுகிறது. அந்த அம்மையார் பார்த்தால் என்ன சொல்வாரோ!

ஆகவே பலகையை விடுங்கள். வகுப்பு நடக்கும் ஒரு சாதாரண நாளில், காலை ஒன்பது மணியளவில், மூலையில் ஒரு நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் வாய் திறக்காமல் உட்கார அனுமதி கேளுங்கள். பெற்றோருக்கென்று பள்ளியைத் திறந்து காட்டும் சனிக்கிழமை கணக்கில் வராது. அன்று பலூன் இருக்கும், வகுப்பு இருக்காது. நல்ல பள்ளி உங்களுக்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுக்கும், படம் எடுக்காதீர்கள், பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்கும். அது நியாயம். என்றைக்குமே முடியாது என்று அடியோடு மறுத்தால் அடுத்த பள்ளிக்குப் போய்விடுங்கள்.

உட்கார்ந்தபின் என்ன பார்ப்பது? ஒரே அறையில் மூன்று வயதும் நான்கு வயதும் ஐந்து வயதும் கலந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயதுவாரியாகப் பிரித்துவிட்டார்கள் என்றால் பாதி மாண்டிசோரி அங்கேயே போயிற்று. பெரிய பிள்ளையைப் பார்த்துச் சின்னது கற்கிறது, சின்னதற்குக் காட்டிக்கொடுக்கும்போது பெரியதற்குத் தெளிகிறது. அடுத்தது நேரம். காலையில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் இடையூறில்லாமல் பிள்ளைகள் தாங்களே எடுத்த வேலையில் இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை மணியடித்து, இப்போது பாட்டு, இப்போது யோகா, இப்போது கணினி என்று மேய்த்துக்கொண்டிருந்தால் அது வேறு வகைப் பள்ளி. கெட்ட பள்ளி என்று நான் சொல்லவில்லை. நீங்கள் எதற்குப் பணம் கட்டுகிறீர்களோ அது அங்கே இல்லை, அவ்வளவுதான்.

ஆசிரியையின் கைகளைப் பாருங்கள். நான் உதவியாக இருந்த ஒரு வகுப்பில் நான்கு வயதுப் பெண் ஒருத்தி கண்ணாடிக் குடுவையிலிருந்து சிறு குவளைகளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கடைசிக் குவளை நிரம்பி வழிந்து தட்டு, மேசை, தரை எல்லாம் ஈரம். நான் துணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தலைமை ஆசிரியை என்னைக் கண்ணாலேயே நிறுத்தினார், தன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவள் அலமாரிக்குப் போய்ப் பஞ்சை எடுத்து வந்தாள். முதலில் தட்டு, பிறகு மேசை, கடைசியாகக் குனிந்து தரை. ஒவ்வொரு முறையும் சின்ன வாளியில் பிழிந்தாள், பிழிவதும் பாதி வெளியே சிந்தியது, அதையும் துடைத்தாள். யாரும் "சபாஷ்" என்று கைதட்டவில்லை, நட்சத்திரம் ஒட்டவில்லை. அவள் மறுபடியும் குடுவையை நிரப்பப் போனாள். நம் வீட்டுப் பாட்டிமார் அங்கே இருந்திருந்தால் முதல் சொட்டிலேயே குடுவை பிடுங்கப்பட்டிருக்கும். நான்கு வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிடுகிற வம்சம் அல்லவா நாம்!

இதற்கு நேர்மாறானதையும் பார்த்திருக்கிறேன். பெயர் வேண்டாம், ஒரு பள்ளியில் இளஞ்சிவப்புக் கோபுரம் பீரோவுக்கு மேலே, பிளாஸ்டிக் பூங்கொத்துக்குப் பக்கத்தில் வீற்றிருந்தது. ஒரு செண்டிமீட்டரிலிருந்து பத்து செண்டிமீட்டர் வரை பக்கமுள்ள 10 மரக்கட்டைகளை அடுக்கிச் செய்யும் கோபுரம் அது. பிள்ளை ஒவ்வொன்றாகத் தூக்கி விரிப்புக்குக் கொண்டுவந்து அடுக்க வேண்டும். தப்பாக அடுக்கினால் கோபுரமே காட்டிக்கொடுக்கும், ஆசிரியர் திருத்தத் தேவையில்லை. கைக்கு எட்டாத இடத்தில் வைத்தால் அது கொலுப்பொம்மை. பிள்ளைகளோ கீழே உட்கார்ந்து அச்சடித்த தாளில் ஆப்பிளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

சிலர், "இவ்வளவு கட்டணம் வாங்கிக்கொண்டு அறைக்கு ஒரே ஒரு கோபுரமா?" என்று கோபிப்பார்கள். ஒன்றுதான் இருக்க வேண்டும். அடுத்தவன் முடித்துத் திரும்ப வைக்கும்வரை காத்திருப்பதும் பாடத்தில் சேர்த்தி.

ஆசிரியையிடம் எங்கே பயிற்சி பெற்றீர்கள், எந்த வயதுக்குப் பெற்றீர்கள் என்று கேளுங்கள். மூன்று முதல் ஆறு வயதுக்கான பயிற்சி வேறு, ஆறு முதல் பன்னிரண்டுக்கானது வேறு. 1929இல் மாண்டிசோரியே தொடங்கிய பன்னாட்டுச் சங்கத்தின் பட்டயமா, வேறு அமைப்பினுடையதா, இணையத்தில் சில வாரங்களில் வாங்கிய சான்றிதழா என்று தெரிந்துகொள்வதில் தப்பில்லை. பதிவுச் சான்றிதழையும் கேளுங்கள். முன்பு சமூக மேம்பாட்டுத் துறை பார்த்த இந்தப் பதிவுப் பொறுப்பு 2022 ஏப்ரலிலிருந்து அடிப்படைக் கல்வித் துறையிடம் இருக்கிறது. பணியாளர்களின் பெயர்கள், பிள்ளைகளோடு பணியாற்றத் தகாதவர்களைப் பட்டியலிடும் தேசியக் குழந்தைப் பாதுகாப்புப் பதிவேட்டில் இல்லை என்று சரிபார்த்துவிட்டார்களா என்பதையும் கேளுங்கள். இதற்கு முகம் சுளிக்கும் பள்ளி வேண்டாம்.

மொழியைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சில பள்ளிகள், பிள்ளை சீக்கிரம் பழக வேண்டும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்கின்றன. கேட்காதீர்கள். இந்த ஊரில் தமிழ் எப்படி வீட்டை விட்டுப் போனது என்று சாட்ஸ்வொர்த் தாத்தாக்களிடம் கேட்டால் சொல்வார்கள். மாண்டிசோரி 1939இல் நம் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், போர்க்காலம் முழுதும் இந்தியாவிலேயே இருந்தவர். விரலால் தடவி எழுத்தைக் கற்கும் அவருடைய முறை, மணலில் எழுதிப் படித்த நம் திண்ணைப் பள்ளிக்கு அந்நியமானதல்ல. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் வாங்கி, அ, ஆ என்று வெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பள்ளியில் ஆங்கில எழுத்தைத் தடவும் விரல் வீட்டில் தமிழைத் தடவட்டும். என் மகன் ழகரத்தை அப்படித்தான் பிடித்தான், உச்சரிப்பு வர மட்டும் இன்னும் இரண்டு வருடம் ஆனது.

இப்போது, பெற்றோர் பெரும்பாலும் யோசிக்காத விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வயதில் சேரும் பிள்ளைக்கு மூன்றாவது ஆண்டுதான் பலன் தரும் ஆண்டு. அதுவரை பார்த்ததும் தொட்டதும் அப்போதுதான் படிப்பாகவும் கணக்காகவும் கூடிவரும். சரியாக அந்த நேரத்தில்தான் நம் ஆட்கள் பிள்ளையை உருவிக்கொண்டு ஓடுகிறார்கள், ஏனென்றால் அது கிரேடு ஆர் வயது, அதாவது கிரேடு ஒன்றுக்கு முந்தைய வகுப்பின் வயது. பெரிய பள்ளியில் கிரேடு ஆரில் நுழைந்தால்தான் கிரேடு ஒன்றில் இடம் என்ற பயம். பயத்தில் அர்த்தம் இல்லாமலும் இல்லை. 2024இல் வந்த சட்டத்திருத்தம் கிரேடு ஆரையும் கட்டாயப் படிப்பில் சேர்த்துவிட்டது. ஆகவே மூன்று வயதில் சேர்க்கும்போதே இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உங்கள் மூன்றாம் ஆண்டை கிரேடு ஆராக நடத்த உங்களுக்குப் பதிவு இருக்கிறதா? இங்கிருந்து போன பிள்ளைகள் எந்தெந்தப் பள்ளிகளில் கிரேடு ஒன்றில் சேர்ந்தார்கள்? முதல் கேள்விக்குத் தாளைக் காட்ட வேண்டும். இரண்டாவதற்கு, பழைய பெற்றோர் இருவரிடம் பேச வழி செய்யச் சொல்லுங்கள். உங்கள் மனதில் இருக்கும் பெரிய பள்ளி கிரேடு ஒன்றில் நேரடியாக வெளிப்பிள்ளைகளை எடுக்குமா என்று அங்கேயும் கேட்டுவிடுங்கள். எடுக்காது என்றால், இரண்டு ஆண்டு மாண்டிசோரிக்குப் பணம் கொட்டுவது உங்களுக்குச் சரிப்படுமா என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசுங்கள். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கட்டணத்தில் மாதத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். மதியத்துக்குப் பிறகு பிள்ளையை வைத்துக்கொள்ளத் தனிக் கட்டணம், பதிவுக் கட்டணம், விடுமுறை மாதத்துக்கும் கட்டணம் என்று வரும். பிள்ளையை நிறுத்துவதாக இருந்தால் எத்தனை நாள் முன்னதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற பகுதி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பல இடங்களில் ஒரு முழுப் பருவம். அதை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.